மேல்வீட்டுத் தண்ணீர்: தற்செயலுக்குப் பொறுப்பாளி யார்?

தோட்டத்து லயன் வீடுகளில் ஒழுக்கு என்றால் அது பெரும்பாலும் மழை ஒழுக்குத்தான். கூரைத் தகரத்தில் ஓட்டை விழும். கீழே ஓர் ஏனத்தை எடுத்து வைப்பார்கள். மழை விட்டதும் தகரத்தை மாற்றித் தருமாறு நிருவாகத்திடம் முறையிடுவார்கள். வானத்தின்மீது வழக்குத் தொடுத்தவர் எவருமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து, அடுக்குமாடி வீடுகளிலும் கொண்டோக்களிலும் குடியேறிய பின்னர் ஒழுக்கின் தன்மையே மாறிவிட்டது. இன்று பலருக்குக் கூரைக்குமேல் வானம் இல்லை. இன்னொரு குடும்பம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஐந்தாம் மாடியில் ஒரு குடும்பம். பள்ளி விடுமுறைக்கு அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குச் செல்கிறார்கள். குளியலறைத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் சிறு வளைகுழாய் நள்ளிரவில் வெடித்துவிடுகிறது. நீர் தரையெல்லாம் பரவி, நான்காம் மாடி வீட்டின் சீலிங் பலகை வழியே கொட்டுகிறது. கீழ்வீட்டாரின் மெத்தை, அலமாரி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் அனைத்தும் நனைந்து கெடுகின்றன. இரு வீட்டாரிடமும் காப்புறுதி இல்லை.

“உங்கள் வீட்டுத் தண்ணீர், நீங்கள்தான் கொடுக்க வேண்டும்” என்கிறார் கீழ்வீட்டார். “வேண்டுமென்றா செய்தோம்? தற்செயலாக நடந்தது” என்கிறார் மேல்வீட்டார். இருவர் சொல்வதும் நியாயம்போலவே தோன்றுகிறது. சட்டம் இவ்விருவரில் யார் பக்கம் நிற்கிறது?

சொல்லுக்குள்ளே கேள்வி

தன் + செயல் என்பதே தற்செயல் என்றாயிற்று. தானாக நிகழ்ந்தது என்பது அதன் வழக்குப் பொருள். ஆயினும் அச்சொல்லுக்குள் ‘செயல்’ என்பது ஒளிந்திருக்கிறது. சட்டம் அதைத்தான் தேடுகிறது. குழாய் வெடித்தது தற்செயலாக இருக்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய செயலை ஒருவர் செய்யாமல் விட்டாரா? வெடித்தபின் செய்ய வேண்டியதைச் செய்தாரா? இக்கேள்விகளின் விடையைப் பொறுத்தே பொறுப்பு அமையும்.

ஆகவே இருவர் கூற்றும் முழு உண்மையல்ல. தண்ணீர் மேலிருந்து வந்தது என்பதனால் மட்டும் மேல்வீட்டார் கீழ்வீட்டாரின் நட்டம் முழுவதையும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் ஆகிவிடார். தற்செயல் என்று சொல்வதனால் மட்டும் பொறுப்பிலிருந்து நீங்கியவரும் ஆகிவிடார். இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை மூன்று பழைய வழக்குகள் விளக்கும். மூன்றும் தண்ணீரைப் பற்றியவை.

மூன்று தண்ணீர் வழக்குகள்

முதல் வழக்கு இங்கிலாந்தில் லங்காஷயர் வட்டாரத்தில் எழுந்தது. ஜான் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி, தம் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். அந்நிலத்தின் அடியில் கைவிடப்பட்ட பழஞ்சுரங்க வழிகள் இருந்தன. கட்டியவர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. 1860ஆம் ஆண்டில் தேக்கத்தில் நீர் நிரப்பியபோது, அது சுரங்க வழிகளை உடைத்துக்கொண்டு பக்கத்தில் பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தில் பாய்ந்தது. ரைலண்ட்ஸ் தாமே கவனக்குறைவாக நடந்தார் என்று காட்ட முடியவில்லை. எனினும் பிரபுக்கள் சபை 1868இல் அவரே பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. நிலத்தின் இயல்பான பயன்பாட்டுக்குப் புறம்பாக, வெளியேறினால் தீங்கு விளைக்கும் பொருளை ஒருவர் கொண்டுவந்து சேர்த்து வைத்தால், அது வெளியேறி விளைக்கும் கேட்டுக்குக் குற்றம் இல்லாதபோதும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பை மட்டும் படித்தால் கீழ்வீட்டார் வென்றுவிட்டார் என்றே தோன்றும். அடுத்த வழக்கு அதை மாற்றுகிறது.

இரண்டாம் வழக்கு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் எழுந்து, 1913இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்த கைகழுவும் தொட்டியின் கழிவுத் துளையை யாரோ ஒருவன் வேண்டுமென்றே அடைத்து, குழாயையும் முழுதாகத் திறந்துவிட்டுச் சென்றான். நீர் வழிந்து, இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த லோதியன் என்பவரின் சரக்குகளைக் கெடுத்தது. கட்டடத்தை நடத்திய ரிக்கர்ட்ஸ் ஈடு தர வேண்டியதில்லை என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. காரணங்கள் இரண்டு. அடையாளம் தெரியாத அந்நியனின் தீச்செயலுக்கு அவர் பொறுப்பாக மாட்டார் என்பது ஒன்று. கட்டடத்துக்குள் குழாய் வைத்துத் தண்ணீர் பயன்படுத்துவது இயல்பான, நாகரிக வாழ்க்கைக்குத் தேவையான பயன்பாடே என்பது மற்றொன்று. வீட்டுக் குழாயும் ஆலையின் நீர்த்தேக்கமும் ஒன்றல்ல என்பது இதனால் நிலைபெற்றது. 2003இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகர மன்றத்தைப் பற்றிய வழக்கில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்கு நீர் கொண்டுசென்ற குழாயைப் பற்றியும் பிரபுக்கள் சபை இவ்வாறே கூறியது.

மூன்றாம் வழக்கு லண்டனுக்கு அருகே மில் ஹில் என்னும் இடத்தில் எழுந்தது. ஒரு சமயச் சபையின் நிலத்தில் இருந்த வாய்க்காலில், அச்சபையின் அனுமதி இல்லாமலே உள்ளூராட்சியின் ஆட்கள் குழாய் பதித்தனர். குப்பை அடையாதிருக்க வைக்க வேண்டிய கம்பித் தட்டியைத் தகாத இடத்தில் வைத்தனர். சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துப் பெருமழையில் இலைகள் அடைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. குழாயைப் பதித்தவர்கள் சபையார் அல்லர். ஆனால் அவ்வாய்க்காலைச் சுத்தம் செய்துவந்த அவர்கள் ஆளுக்குக் குழாய் இருப்பது தெரியும். தெரிந்தும் திருத்தாமல் விட்டதனால் சபையாரே பொறுப்பாளிகள் என்று 1940இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குக் குற்றமில்லாப் பொறுப்பு இல்லை. ஆனால் ஆபத்து ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டுமென்றால், அவர் வாளா இருக்கும் ஒவ்வொரு நாளும் தற்செயல் சிறுகச் சிறுகக் கவனக்குறைவாக மாறுகிறது.

இங்கிலாந்துத் தீர்ப்புகளுக்கும் மலேசியாவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின்படி, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த பொதுச் சட்டம், உள்நாட்டில் வேறு சட்டம் இல்லாத இடத்தில், உள்நாட்டுச் சூழ்நிலைக்குப் பொருந்தும் அளவில் தீபகற்ப மலேசியாவில் பின்பற்றப்படுகிறது. 1868, 1913, 1940 ஆகிய மூன்று தீர்ப்புகளும் அந்நாளுக்கு முற்பட்டவை. சிங்கப்பூரிலும் ஆங்கிலப் பொதுச் சட்டமே அடிப்படையாக உள்ளது.

மலேசியச் சட்டம் சொல்வது

அடுக்குமாடி வீடுகளுக்கு உள்நாட்டிலேயே தனிச்சட்டம் உண்டு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிருவாகச் சட்டமும் அதன்கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிகளும் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடைமுறையில் உள்ளன. மாடிகளுக்கிடையே ஏற்படும் ஒழுக்கைப் பற்றி அவை விரிவாகவே கூறுகின்றன.

முதலாவது, ஓர் ஊகம். ஒரு வீட்டின் உட்கூரையில் ஈரமோ நீர்க்கசிவோ காணப்பட்டால், மாறான சான்று கிடைக்கும்வரை, பழுது அதற்கு மேலுள்ள இடத்தில்தான் இருக்கிறது என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது. கீழ்வீட்டார் மேல்வீட்டின் தரையை உடைத்துச் சான்று தேட முடியாது அல்லவா? ஆதலால் இவ்வூகம் நியாயமானதே. ஆனால் பழுது எங்கே என்பதைப் பற்றியதே இவ்வூகம். தவறு யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதனால்தான் பல பூசல்கள் வளர்கின்றன.

இரண்டாவது, ஒரு காலக்கணக்கு. கீழ்வீட்டார் ஒழுக்கைப் பற்றி நிருவாக அமைப்புக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 7 நாள்களுக்குள் நிருவாகம் நேரில் வந்து ஆராய வேண்டும். ஆய்வு முடிந்த 5 நாள்களுக்குள் காரணத்தையும் பொறுப்பாளியையும் குறிப்பிட்டு, 28ஆம் படிவத்தில் ஆய்வுச் சான்றிதழ் வழங்க வேண்டும். பழுது மேல்வீட்டைச் சேர்ந்தது என்றால், அதன் உரிமையாளர் 7 நாள்களுக்குள் சரிசெய்யும் வேலையில் இறங்க வேண்டும். அவர் செய்யத் தவறினால் நிருவாகமே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கும். பழுது பொதுச்சொத்தில் இருந்தால், நிருவாகம் அதே காலத்துக்குள் தானே திருத்த வேண்டும். ஆய்வுக்காக வீட்டுக்குள் வர முறைப்படி அறிவிப்புத் தந்தும் வழிவிட மறுப்பது குற்றமாகும். அதற்குத் தண்டனை உண்டு.

மூன்றாவது, குழாய் யாருடையது என்னும் கணக்கு. குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பது முக்கியமன்று. யாருக்குப் பணி செய்கிறது என்பதே முக்கியம். பல வீடுகளுக்கு நீர் கொண்டுசெல்லும் குழாய், ஒரு வீட்டுச் சுவருக்குள் புதைந்திருந்தாலும் பொதுச்சொத்தே. ஒரே வீட்டுக்குப் பயன்படும் குழாய், பொது இடத்தில் ஓடினாலும் அவ்வீட்டைச் சேர்ந்ததே. எனவே ஐந்தாம் மாடியில் வெடித்தது பொதுக்குழாய் என்றால், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரைப்போல் பாதிக்கப்பட்டவரே ஆவார்.

கட்டடம் புதியது என்றால் இன்னொரு வழியும் உண்டு. மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கியவர் சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்கள் குறைதிருத்தக் காலமாகும். கட்டுமானக் குறையால் வந்த ஒழுக்கை அக்காலத்துக்குள் மேம்பாட்டாளரே திருத்தித் தர வேண்டும்.

நான்கு விடைகள்

இப்போது எடுத்துக்காட்டுக் குடும்பத்திடம் திரும்பலாம். நிகழ்ச்சி ஒன்றே ஆயினும் விடைகள் நான்கு.

வளைகுழாய் நல்ல நிலையில் இருந்து, முன்னறிகுறி எதுவுமின்றி வெடித்தது என்று கொள்வோம். மேல்வீட்டார் தம் குழாயைத் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும். அதிலிருந்து அவர் தப்ப முடியாது. ஆனால் கெட்டுப்போன மெத்தைக்கும் அலமாரிக்கும் ஈடு கேட்கும்போது, அவர் கவனக்குறைவாக நடந்தார் என்பதைக் கீழ்வீட்டார் காட்ட வேண்டியிருக்கும். பல நாள் வெளியூர் செல்பவர் வால்வை மூடிவிட்டுச் செல்லாதது கவனக்குறைவா என்பது அப்போது எழும் கேள்வி. நியாயமான ஒருவர் அந்நிலையில் என்ன செய்திருப்பார் என்பதை வைத்தே நடுவர் அதை முடிவு செய்வார்.

வளைகுழாய் துருப்பிடித்து, இரண்டு மாதங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது என்று கொள்வோம். கீழ்வீட்டார் தம் உட்கூரையில் கறை தோன்றியதை முன்பே அறிவித்தும் இருந்தார். இப்போது தற்செயல் என்ற சொல் மேல்வீட்டாருக்குத் துணை நிற்காது. மில் ஹில் வாய்க்காலைப்போலவே, தெரிந்தும் விட்டதனால் பொறுப்பு அவருடையதாகிறது.

வெடித்தது பொதுக்குழாய் என்று கொள்வோம். திருத்த வேண்டியது நிருவாகம். அதன் பராமரிப்பில் தவறு இருந்தால், நட்டத்துக்கும் அதனிடமே கேட்க வேண்டும்.

மேல்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனார் என்று கொள்வோம். கவனக்குறைவு குடியிருப்பவருடையது; ஈடும் பொதுவாக அவரிடமே கேட்கத்தக்கது. ஆனால் வீட்டின் குழாயிலோ தரையின் நீர்க்காப்பிலோ பழுது இருந்தால், அதைத் திருத்தும் கடமை உரிமையாளருடையது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டதாகச் சொல்லி அவர் விலகிக்கொள்ள முடியாது.

ஈட்டுத் தொகையிலும் ஓர் அளவு உண்டு. பத்தாண்டு பழகிய மெத்தைக்குப் புது மெத்தையின் முழு விலையை எதிர்பார்க்க முடியாது. உண்மையில் இழந்த மதிப்பே கணக்கிடப்படும். நட்டம் பெருகாமல் தடுப்பது பாதிக்கப்பட்டவரின் கடமையுமாகும். தண்ணீர் சொட்டுவதைக் கண்டும் அலமாரியை நகர்த்தாமல் நனையவிட்டவர், அந்நட்டத்தைப் பிறர்மேல் சுமத்த முடியாது.

காப்புறுதி இல்லாத இடத்தில்

காப்புறுதியைப் பற்றி மக்களிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. மேல்வீட்டாரிடம் காப்புறுதி இல்லாததனாலேயே அவர் குற்றவாளி என்பது ஒன்று. கீழ்வீட்டார் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். எடுக்காததனால் கேட்க உரிமை இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. காப்புறுதி பொறுப்பை உண்டாக்குவதுமில்லை, நீக்குவதுமில்லை. பொறுப்பு யாருடையது என்பது முடிவான பிறகு, பணம் எந்தப் பையிலிருந்து வரும் என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. கீழ்வீட்டாருக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்துவிட்டாலும், தவறு மேல்வீட்டாருடையது என்றால் அந்நிறுவனம் அவரிடம் அத்தொகையைக் கேட்கலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவதனால், நிருவாகம் எடுத்துள்ள காப்புறுதி எல்லாவற்றுக்கும் ஈடு தரும் என்று பலர் நம்புகின்றனர். அக்காப்புறுதி கட்டடத்துக்கு உரியது. மெத்தை, அலமாரி, தொலைக்காட்சிப் பெட்டி முதலிய வீட்டுப் பொருள்கள் பொதுவாக அதில் அடங்கா. அவற்றுக்கு வீட்டு உடைமைக் காப்புறுதியை ஒவ்வொரு குடும்பமும் தனியே எடுக்க வேண்டும். குழாய் வெடித்துப் பெருகும் நீரால் வரும் கேட்டையும், பிறருக்குத் தர வேண்டிய ஈட்டையும் அது ஏற்கிறதா என்பதை எடுக்கும்போதே படித்துப் பார்க்க வேண்டும். நாள்பட்ட கசிவைப் பெரும்பாலான பத்திரங்கள் ஏற்பதில்லை.

காப்புறுதி இல்லாதவர் உடனே பெரிய வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. மலேசியாவில் அடுக்குமாடி நிருவாக நடுவர் மன்றம் உள்ளது. 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கலாம். சிறப்பான காரணம் இருந்தாலன்றி வழக்கறிஞர் தேவையில்லை. கட்சிக்காரர்கள் தாமே பேசலாம். மன்றத்தின் தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும். அதை மீறுவது குற்றம்.

சிங்கப்பூர் முறை

சிங்கப்பூரில் தனியார் கொண்டோக்களுக்கு 2004ஆம் ஆண்டுக் கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிருவாகச் சட்டம் பொருந்தும். பழுது மேலுள்ள இடத்தில்தான் என்னும் ஊகம் அங்கும் உண்டு. நட்டம் 20,000 வெள்ளிக்குள் இருந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை அணுகலாம். இரு தரப்பும் எழுத்து மூலம் இசைந்தால் 30,000 வெள்ளி வரை செல்லலாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நிலை சற்று வேறானது. மேல்வீட்டின் தரையே கீழ்வீட்டின் கூரை. ஆதலால் தேய்மானத்தால் வரும் உட்கூரை ஒழுக்கைத் திருத்துவது இரு வீட்டாரின் கூட்டுப்பொறுப்பு என்று கழகம் கொள்கிறது. தகுதியுள்ள வீடுகளுக்குக் கழகத்தின் உதவித் திட்டத்தில் பழுதுபார்ப்புச் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. எஞ்சியதை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆளுக்குக் காற்பங்காக ஏற்கின்றனர். ஒரே கான்கிரீட் தளத்தை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன என்னும் உண்மையை இம்முறை நேராகவே ஒப்புக்கொள்கிறது.

செய்யத்தக்கவை

தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் கீழ்வீட்டார் முதலில் மின்விசையை நிறுத்த வேண்டும். பிறகு காவலரிடமும் நிருவாகத்திடமும் சொல்லி, நீரை அடைக்கச் செய்ய வேண்டும். பொருள்களை அப்புறப்படுத்துவதற்கு முன் புகைப்படம் எடுக்க வேண்டும். நாளும் நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லோடு நில்லாமல், அன்றே மேல்வீட்டாருக்கும் நிருவாகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவ்வெழுத்தே பிறகு மேல்வீட்டாருக்குத் தெரியுமா, தெரியாதா என்னும் கேள்விக்கு விடையாகும். பழுதுபார்ப்பவர் காரணத்தை எழுதித் தரும்படி கேட்க வேண்டும். பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகளைத் தேடி வைக்க வேண்டும். கோபத்தால் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்துவது தகாது. அது புதிய கடனை உண்டாக்குமே அன்றிப் பழைய நட்டத்தைத் தீர்க்காது.

மேல்வீட்டார் செய்யத்தக்கது அதனினும் எளிது. கதவைத் திறந்து பார்க்கவிட வேண்டும். வெடித்த குழாயை எறியாமல் வைத்திருக்க வேண்டும். அது அவர் குற்றமற்றவர் என்பதற்கும் சான்றாகலாம். வருந்துகிறோம் என்று சொல்ல அஞ்சக் கூடாது. நடந்ததற்கு வருந்துவது வேறு. தவறு தம்முடையது என்று எழுதிக் கொடுப்பது வேறு. இரு வீட்டாரும் அமர்ந்து பேசி, ஒரு தொகைக்கு இசைந்து, அதை எழுதிக் கையொப்பமிட்டால் பெரும்பாலும் நடுவர் மன்றமே தேவைப்படாது.

ஐந்தாம் மாடியார் ஊரிலிருந்து திரும்பும்போது, வளைகுழாய் வெடித்த அந்த இரவை மாற்ற யாராலும் இயலாது. அந்த இரவு தற்செயலாக இருக்கலாம். மறுநாள் காலை கதவு தட்டப்படும்போது திறப்பதும் திறவாமல் இருப்பதும் தற்செயல் அல்ல. சட்டம் ஒருவரின் பொறுப்பை அளக்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கதவடியில்தான்.